மேல் துண்டுக்கு ஏற்ற டயர்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு டயர் தடம்.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையில் பாதியில் பிரிந்து, ஓடையின் மேல் கிடக்கும் கல் பாலத்தைத் தாண்டினால் அக்காவின் மாந்தோப்பு. கீழ் துண்டு சமதளம். மேல் துண்டு மலையடிவாரத்தோடு சேர்ந்து சாய்ந்து கிடக்கும். முந்தின நாள் மாலை அக்கா தன் மினி டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சரிவில் குறுக்கே உழுதிருந்தாள். சால்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒழுங்காக ஓடியிருந்தன. கடைசிச் சால் மட்டும் ஓரிடத்தில் கீழே விலகி, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நேராகியிருந்தது. அந்த இடத்தில் கீழ்ப்பக்கச் சக்கரத்தின் தடத்தில் டயரின் பட்டன், மண்ணைக் கடிக்கும் அந்த ரப்பர் கட்டை, எதுவும் பதியவில்லை. கரண்டியால் மெழுகியது போல மண் வழவழவென்று இருந்தது.

ஸ்கூட்டரில் டேப் இருந்தது. எடுத்து வந்து அளந்தேன். சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்தது பதினோரு அங்குலம். அங்கிருந்து கல் கட்டின் விளிம்புக்கு மீதி இரண்டடி. விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் உயரப் பள்ளம்.

அக்கா தூக்குவாளியில் காப்பியோடு ஏறி வந்தாள்.

"என்னலே, காலங்காத்தால மண்ண மோந்து பாத்துக்கிட்டிருக்க?"

"நேத்து வண்டி வழுக்கியிருக்கு."

"வழுக்கல. செத்த ஒதுங்குச்சு."

"பதினோரு அங்குலம்."

"அளந்தாச்சா? அப்ப நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்."

நான் நாளிதழ் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் இங்கே வருவேன். அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது இரண்டு வருடம் முன்பு. அத்தானுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. டிராக்டரில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்பார், ஏறியதே இல்லை.

சரிவில் மேலும் கீழுமாக உழுதால் வண்டி சாயாது. இது அக்காவுக்கும் தெரியும். போன வருடம் அக்கா சரிவில் ஓட்டிப் பழகியிருக்கவில்லை; மேல் துண்டுக்கு மட்டும் வாடகைக்கு வந்த மினி டிராக்டர்காரர் அப்படித்தான் உழுதார். ஐப்பசியில் ஒரே ஒரு பெரிய மழை. ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆனது. மேல் துண்டின் மண் ஓடைக்குப் போய், சரளை வெளியே வந்தது. ஒரு மரம் வேர் தெரிய நின்று, பத்து நாள் கழித்துச் சாய்ந்தது. அதிலிருந்து அக்கா குறுக்கேதான் உழுவேன் என்கிறாள். குறுக்கே போகும் சால் மழையைப் பிடித்து வைக்கும்.

"மேலும் கீழுமா உழுதா மண்ணு போகும். குறுக்க உழுதா நான் போவேன். மண்ணு போனா திரும்பி வராதுலே."

"நீ போனா?"

"நீ உழு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"அதான் நான் போகமாட்டேன்."

மேல் துண்டில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. மூன்று நாளாக மலை உச்சியில் மேகம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் காப்பியைக் குடிக்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை இதற்கு முன்பு வைத்திருந்தவர் சுந்தரபாண்டியம் பக்கம். தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்தே ஓட்டியிருக்கிறார். பின் டயரின் நடுவில் பட்டன் தேய்ந்து என் சுண்டுவிரல் நகத்தின் உயரம்தான் இருந்தது.

டயரை மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்த டயர் என்பதில்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று முழுக்கப் போனில் டயர்களைப் பற்றிப் படித்தேன். கொத்தனார் ஒருவரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் இரவல் வாங்கி வந்து சரிவை அளந்தேன். டியூபின் ஒரு முனையை அக்கா பிடித்தாள். பத்தடிக்கு இரண்டடி இறக்கம். வேர் தெரிய நின்ற மரம் இருந்த இடத்தில் இரண்டரை. இரண்டாவது தடவையும் அளந்தேன். மூன்றாவது தடவைக்கு அக்கா டியூபைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அக்கா டிராக்டரிலும் நான் ஸ்கூட்டரிலுமாக ராஜபாளையத்தில் டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பாய். முப்பது வருடமாக அதே இடம். நான் போனில் குறித்து வைத்திருந்ததைக் காட்டினேன்: நெல் வயலுக்கு வரும் டயர், உயரமானது, பட்டன் மூன்று விரல் ஆழம். இதைவிடப் பிடிமானம் உள்ள டயர் இல்லை என்று எழுதியிருந்தது.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"வேணும்னா தாரேன் சார், எனக்கென்ன. ஆனா இது சேத்துல எறங்குறதுக்கு உள்ளது. ஒங்க எடம் சரளை. போட்டா வண்டி நாலு விரக்கடை ஒசந்துரும். ஒசந்தா சாயுறது லேசு. முன்சக்கரமும் இழுக்குற வண்டி இது. பின்னால மட்டும் பெருசு போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் எந்நேரமும் சண்டை."

"அகலமான டயர் போட்டா?"

"அது புல்லு நசுங்காம ஓட்டுறவங்களுக்கு."

நான் பதினோரு அங்குலத்தைச் சொன்னேன். தடத்தின் படத்தையும் காட்டினேன். பாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"யம்மா, ஓட்டுனது நீங்களா?"

"நான்தான் பாய்."

"வழுக்கும்போது என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. ஸ்டியரிங்கையும் தொடல, பிரேக்கையும் தொடல. கலப்பைய மட்டும் இன்னும் ஆழமா எறக்கிவிட்டேன். நின்னுக்கிடுச்சு."

பாய் என்னைப் பார்த்தார். "சார், வழுக்குறது ஒரு பயம். கவுந்து விழுறது வேற பயம். டயரு மொதப் பயத்துக்குத்தான் பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு வண்டி காலை அகட்டி நிக்கணும்."

அவர் சொன்னது இது. இப்போது இருக்கிற அதே அளவு, சாதாரண உழவு டயர். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் உள்ளதாக, சரளை சிக்காமல் விழுகிற மாதிரி. பின் டயர் இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர். கனம் கீழே தங்கும். பிறகு பின்சக்கரங்களைக் கழற்றி இடது வலதாக மாற்றிப் பூட்டுவது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டு ஒரு பக்கம் குழிந்திருக்கும். மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு சக்கரமும் நான்கு அங்குலம் வெளியே போகும். பட்டன் திசையும் மாறாது.

"நாலும் நாலும் எட்டு" என்றார் பாய். "எட்டு அங்குலம் போதும். போற வழியில இடுக்கு எதுவும் இருக்கா?"

அக்கா திரும்பினாள். கடை வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தாள்.

"பாலம் இருக்கு" என்றேன்.

ஓடைப் பாலம் என்பது சேர்த்துப் போட்ட இரண்டு கல். கைப்பிடி கிடையாது. அதை நான் எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். அகலம் என்ன என்று பாய் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. எண்ணைச் சரிபார்க்காமல் எதையும் அச்சுக்கு விடாமல் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன், கண்ணெதிரே கிடந்த ஒன்றை அளக்காமல் விட்டிருந்தேன். டயர் பூட்டுவதற்குள் ஸ்கூட்டரில் திரும்பிப் போய் அளந்தேன். கல்லின் மேல் விளிம்பில் ஒரு தடவை, ஓரம் உடைந்த இடத்தில் ஒரு தடவை. மூன்றே முக்கால் அடி. வண்டி இப்போது மூன்றடி ஐந்து அங்குலம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம் வைத்து அக்கா இரண்டு வருடமாக அதில் போய் வந்திருக்கிறாள்.

கடைக்குத் திரும்பி வந்து சொன்னேன். பாய் விரலில் கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்ப உள்ள போய் மாத்துங்க. போறதுக்குத் தடை இல்ல. வாரதுக்குத்தான்."

அக்காவின் கவலை அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலையோரத்தில் மூன்று தோப்புக்காரர்களுக்கு மழைக்கு முன்னால் உழுது தருவதாக அவள் சொல்லியிருந்தாள். பொம்பளை ஓட்டுகிறாள் என்று ஒரு வருடம் சிரித்துவிட்டு, இந்த வருடம்தான் அவர்களே வந்து கேட்டார்கள். சக்கரத்தை மாற்றினால், ஒவ்வொரு தடவை வெளியே வரவும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கழற்றி, மாற்றி, திரும்பப் போய் மறுபடியும் மாற்ற வேண்டும். தண்ணீர் நிறைந்த சக்கரத்தை ஓர் ஆளால் தூக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் உழுத கூலி அவருக்கே போய்விடும்.

"மாத்தாம, டயரும் தண்ணியும் மட்டும் போதுமா பாய்?" என்று கேட்டாள்.

"பத்துக்கு ரெண்டுல ஓடிரும்மா. பத்துக்கு ரெண்டரைன்னு சார் சொல்றாருல்ல, அந்த எடத்துக்கு நான் வாக்குத் தரமாட்டேன்."

"அந்த எடத்த விட்டுட்டா?"

"விடுவீங்களா?"

அக்கா போய் வண்டியில் ஏறினாள்.

புது டயரோடு பாலத்தைத் தாண்டும்போது நான் முன்னால் பின்னோக்கி நடந்து இரண்டு கையாலும் சைகை காட்டினேன்.

"கைய ஆட்டாதலே! எனக்குப் பாலம் தெரியுது. நீதான் மறைக்க."

தாண்டினாள். பாய் அனுப்பிய மெக்கானிக், நரைத்த மீசைக்காரர், மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து மோட்டார் கொட்டகை நிழலில் ஜாக்கியை இறக்கினார். வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, பம்புசெட் ஹோஸைப் பொருத்தித் தண்ணீரை நிரப்பினார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்தவா, இப்படியே வுட்டுரவா?" என்று கேட்டார்.

அக்கா மேல் துண்டைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. போனை இடுப்பில் செருகினாள்.

"மாத்துங்கண்ணே."

அன்று மதியம் மீதிப் பாதியை உழுதாள். நான் கீழே நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்து நின்றேன். மரங்கள் மறைத்தன, சத்தம் மட்டும்தான் வந்தது. திரும்பும்போது எஞ்சின் சத்தம் தணியும். ஒவ்வொரு தடவை தணியும்போதும் நான் நான்கைந்து அடி மேலே ஏறியிருப்பேன். ஒரு தடவை சத்தம் முழுக்க நின்றுவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினேன். அக்கா வண்டியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மரம் சாய்ந்த இடத்துக்கு நேர் நடுவில் நின்றிருந்தாள்.

"இங்கன நிறுத்தவா செய்வாங்க?"

"நிக்குதான்னு பாத்தேன். நிக்குது." பாட்டிலை மூடினாள். "எதுக்குலே வெறுங்காலோட வந்த? முள்ளு கெடக்கு."

மாலை நான்கரைக்கு முடித்தாள். ஏழு மணிக்கு மழை பிடித்தது. நான் அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் துண்டுக்கு ஏறினேன். சால்களில் தண்ணீர் தேங்கி நின்றது. கல் கட்டுக்குக் கீழே புது மண் வந்து விழவில்லை. மரத்தடியில் மழை படாத இடத்தில் டயர் தடம் அப்படியே இருந்தது. பட்டன் ஒவ்வொன்றும் விளிம்பு கலையாமல் அச்சு வைத்தது போலப் பதிந்திருந்தது. பதினோரு அங்குலம் விலகிய அந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் தேடினேன். விலகின தடம் வேறு எதுவும் இல்லை. டேப்பைப் பையில் போட்டேன்.

இறங்கி வரும்போது அக்கா கொட்டகை வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாலையோரத் தோப்புக்காரர். அவர் குரல் எனக்கே கேட்டது.

"மழை நல்லா பேஞ்சிருக்கும்மா. ஈரம் காயுமுன்ன உழுதுட்டா சரி. வண்டி எப்பம் வருது?"

"இந்தத் தடவ நான் வரலண்ணே. வேற வண்டி பாத்துக்கிடுங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லுதீய? மத்த ரெண்டு பேரும் ஒங்களத்தான நம்பியிருக்காவ."

"அவியகிட்டயும் நானே சொல்லிருதேன்."

போனை வைத்துவிட்டு டிராக்டரின் பின்சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் தள்ளினாள். மூன்று பேருக்கும் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா பயந்துட்டான்னு சொல்லுவாவ" என்றாள். "போ, காப்பி ஆறுது."

நான் ஓடைக்குப் போனேன். மழைத் தண்ணீர் கல்லுக்கு ஒரு சாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பாலம் மூன்றே முக்கால் அடி. வண்டி இப்போது நான்கடி ஓர் அங்குலம்.