அண்ணன் தந்த கேபிளும் மகள் போட்ட குடும்பத் திட்டமும்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் பேச்சு வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பாகலூர் பக்கம் ஒரு கூலிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் ரோஜாத் தோட்டம், செங்கல் சூளை என்று உழைத்து எங்களை வளர்த்தார். பிறகு கேபிள் டிவி வேலை கற்றுக்கொண்டு சுற்று ஊர்களுக்கெல்லாம் இணைப்பு கொடுத்தார். வாசலில் நின்று பேசுவது அண்ணன், கம்பம் ஏறுவது நான். என் கூச்சம் தெரிந்து அப்படிப் பிரித்துக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உண்டு. அதனால் அண்ணன் தன் உள்ளூர் சேனலில் ஞாயிறு மதியப் படத்தை வாரம் ஒரு மொழி என்று முறை வைத்தார். முறை தவறினால் சண்டைதான்.

"போன வாரமும் தமிழு, இந்த வாரமும் தமிழா? நாங்க கர்நாடகாவுக்கே குடி போயிடறோம்" என்று ஒரு கன்னட வீட்டு அம்மா வந்து நின்றார்.

"போங்கம்மா, பக்கந்தான். ஆனா அங்க என் ஒயரு வராது, பாத்துக்கோங்க" என்றார் அண்ணன். அடுத்த இரண்டு வாரமும் கன்னடப் படம் ஓடியது.

வேறு வழியில்லாமல் எல்லோரும் எல்லாப் படமும் பார்த்தோம். எனக்குக் கன்னடம் வந்தது அப்படித்தான். பிறகு கேபிள் வேலையை விட்டு ஓசூர் கம்பெனியில் சேர்ந்தபோது அதுதான் கைகொடுத்தது.

என் மகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் இணையத்தில் படம் பார்க்கும் குடும்பத் திட்டம் ஒன்று வாங்கினாள். வீட்டில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பட்டியல். யாரும் முறைக்குக் காத்திருக்க வேண்டாம். புது டிவியைச் சுவரில் மாட்டியபோது கேபிள் ஒயர் இடைஞ்சலாக இருந்தது. ஊரில் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்த சமயம். கூடப் பிறந்தவனே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல், நானே சுவரோரம் ஏறிக் கழற்றிவிட்டேன்.

ஒயர் தொங்குவதைக் கண்டால் யாரும் கூப்பிடாமலே சரிசெய்துவிட்டுப் போவது அண்ணனின் வழக்கம். ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் ஒயர் மாட்டியிருந்தது. மறுபடி கழற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. அறுபது தாண்டிய அண்ணன் மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன்.

"அண்ணா, எறங்குங்க. ஒயரு அறுந்து போவல. நான்தான் கழட்டினேன்."

"தெரியும்டா."

"எப்படி?"

"அறுந்த ஒயரு மழைக்குப் பயந்து தானா டேப் சுத்திக்குமா? நீ சுத்தற சுத்து எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடப் பழக்கத்தில், கழற்றிய முனைக்கு நான் டேப் சுற்றி வைத்திருந்தேன். இரண்டு முறையும்.

"அப்புறம் ஏண்ணா மாட்டினீங்க?"

"வாயத் தொறந்து சொல்லுவியான்னு பாத்தேன். வேணான்னு சொல்றவங்கெல்லாம் வாசல்ல வந்து சொல்லிட்டுத்தான் போறாங்க. நீ திருட்டுத்தனமா கழட்டினதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணன் தன் கையாலேயே சுவரில் மிச்சமிருந்த ஒயரையும் கழற்றி, சுருட்டிக்கொண்டு இறங்கினார். "சரி, அப்படி என்னாதான் காட்டுது, காட்டு" என்று உள்ளே வந்தார். மகள் எங்கள் பெயர்களைத் திரையில் காட்டினாள்.

"எம் பேரு எங்கம்மா?"

"இதோ, இப்ப போடறேன் பெரிப்பா."

படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அதில்தான் பழைய கன்னடப் படங்களைப் பார்த்தார். வலி வந்தால் நிறுத்துவார், தணிந்தால் விட்ட இடத்திலிருந்து பார்ப்பார். "கேபிள்ல இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டிருந்தா ஊரே சேர்ந்து என்னை ஒதைச்சிருக்கும்டா" என்று சிரிப்பார். அந்த நிம்மதியைத் தந்த புது வசதிக்கும் நான் கடமைப்பட்டவன்.

அண்ணனைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், எந்த நேரத்திலும் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. வீட்டில் யாரும் பார்க்காவிட்டாலும், அண்ணன் மனம் நோகக்கூடாது என்று கடைசிவரை கேபிளை எடுக்காமல் வைத்திருந்ததாக உங்களில் சிலர் காரியத்தன்று என்னிடம் சொன்னீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தம்பி நான் செய்யாததை நீங்கள் செய்தீர்கள்.

அண்ணா, உங்களுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். தெரிந்தும் நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். எல்லோர் முன்னிலும் சொல்கிறேன், நன்றி அண்ணா.