பத்து டிக் கேட்ட பிறகு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினரில் பலர் அக்காவின் வேனில் ஒரு முறையாவது ஏறியவர்கள். ஆகவே புகழுரையாக எதையும் சேர்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. நடந்ததைச் சரியாக எழுதினாலே போதும். அதைத்தான் அக்காவும் கேட்டார்.

அக்கா படாளத்தில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழ் ஓர் ஆண்டைச் சொல்கிறது. நைனா எழுதி வைத்த ஜாதகம் அதற்கு முந்தைய ஆண்டைச் சொல்கிறது. எது சரி என்று பல முறை கேட்டிருக்கிறேன். "எந்த வருஷம் பொறந்தா இன்னாடா, வந்துட்டேன் இல்ல?" என்பதே அவர் தந்த விடை. ஜாதகத்தையே நான் நம்புகிறேன். மை மங்கியிருந்தாலும் நாள், நாழிகை இரண்டும் ஒத்துப்போகின்றன.

மணமாகிச் சில காலம் செங்கல்பட்டில் வாழ்ந்து, பின்பு மாமாவோடு படாளத்துக்கே திரும்பினார். மாமா பள்ளி வேன் ஓட்டினார். மஞ்சள் காமாலையில் மாமா தவறியபோது மகள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வேனை விற்றுவிடுவதுதான் நல்லது என்று உறவினர் கூடிப் பேசினார்கள். நானும் அப்படியே சொன்னேன். மறுவாரமே அக்கா ஓட்டுநர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, காபி ஆற்றிக்கொண்டே அதை எங்களிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு, ஜாதகத்தின்படி முப்பத்தேழு.

அவர் வேன் ஓட்டிய முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இண்டிகேட்டர் போடுவார். அது பத்து முறை டிக் என்று அடித்த பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புவார். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். படாளம் கூட்டுரோடு நெருங்கினால் வேனுக்குள் இருந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சாலைக்கே கேட்கும். பத்து என்றதும் வேன் திரும்பும். யாராவது வழிவிட்டால் சன்னலுக்கு வெளியே கை உயரும். அவர்கள் பார்த்தார்களா இல்லையா என்று அக்கா திரும்பிப் பார்த்ததே கிடையாது.

ஆள் நடமாட்டமில்லாத நண்பகலிலும், எங்கள் வீட்டு வாசலில் நுழையும்போதும் இதே முறைதான். ஒரு நாள் கேலி செய்தேன்.

"யாருக்குக்கா இண்டிகேட்டரு? நம்ம வூட்டு நாய்க்கா?"

"ஆமா. குறுக்கால படுத்துகினு கீது பாரு. அதுக்கும் தெரிய வேணாமா?"

நாய் எழுந்து போனது.

இனி எழுதப்போவதை நம் குடும்பத்தில் பலர் பாதிதான் அறிவீர்கள்.

அது ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, மாலை நான்கு நாற்பது, தூறல். நான் மதுராந்தகத்தில் அலுவலகம் முடிந்து அக்காவின் வேனில் முன்னிருக்கையில் வந்துகொண்டிருந்தேன். கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்டதால் வேனில் நாங்கள் இருவர் மட்டுமே. மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி ஓடியது அக்காவின் திருமணத்துக்கு முந்தைய மாதமா, பிந்தைய மாதமா என்று எனக்கு ஓர் ஐயம். என் நாட்குறிப்பு ஒன்றைச் சொன்னது. அக்கா வேறொன்றைச் சொன்னார். நான் விடவில்லை. "நீயே நல்லா யோசிச்சுப் பாருக்கா, பொடவ எடுக்கப் போனப்ப தண்ணி ரோட்டு மேல போச்சா, போவலயா?" என்று நாட்குறிப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என் பக்கம் திரும்பி விடை சொல்லிக்கொண்டே, கூட்டுரோட்டில் வண்டியை இடப்புறம் திருப்பினார்.

டமால் என்று ஒரு சத்தம். இடப்பக்கம் வந்துகொண்டிருந்த மொபெட் வேனில் மோதிக் கவிழ்ந்தது. இரண்டு பால் கேன்கள் உருண்டன. ஈரத் தார்ச்சாலை முழுவதும் பால் வெள்ளையாகப் பரவியது. பால்காரர் தணிகாசலம் கால் மடங்கிக் கிடந்தார். அக்கா இறங்கி ஓடி அவர் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் தணிகாசலம் பேசினார்: "பேஜாரு பண்ணிட்டியேம்மா, அவ்ளோ பாலும் போச்சே!"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல அன்றைய குறிப்பை எழுதினேன். "அக்கா இண்டிகேட்டர் போட்டிருந்தார். மொபெட் வேகமாக வந்தது." அந்த எழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது.

காவல் நிலையத்தில் எழுத்தர் எங்களை உட்காரச் சொன்னார்.

"பாத்தவங்கெல்லாம் மொபெட்டுதான் லெஃப்ட்ல பூந்துச்சுன்றாங்க. அப்டியே எழுதிக்கவாம்மா? இண்டிகேட்டர் போட்டுதானே திரும்புன?"

"போட்டிருந்தாங்க சார்," என்றேன் நான். "பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"தம்பி, நீ சும்மா இரு," என்றார் அக்கா. பிறகு எழுத்தரிடம், "நான் போடல சார். அப்டியே எழுதிக்கோங்க," என்றார்.

எழுத்தர் பேனாவை மேசையில் வைத்தார். "யம்மா, யோசிச்சு சொல்லு. பசங்கள ஏத்திகினு போற வண்டி. லைசன்ஸ தூக்கிடுவாங்க. நாளைக்கு எவன் உன்ன நம்பி புள்ளைய ஏத்துவான்?"

"ஏத்தலன்னா போவட்டும் சார். அந்தாளு கால ஒடச்சிகினு படுத்து கீறாரு. தப்பும் அவருதுன்னு எழுதணுமா?"

"சரி, ஏன் போடல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மறந்துட்டேன் சார்."

ஒரே சொல். எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நான்தான் கேட்டேன்.

"நான் பேச்சு குடுத்ததாலதான்னு ஏன்க்கா சொல்லல?"

"ஸ்டியரிங் உன் கையிலயா இருந்துச்சு?"

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நூல்களைப் படித்திருக்கிறேன். பெரியவர்கள் உண்மை பேசிய கதைகள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் தமக்கு எதிரான உண்மையை முழுவதும் சொல்லி, தம்பிக்கு எதிரான பாதியை மட்டும் விழுங்கிக்கொண்ட ஒருவரை, ஒரு காவல் நிலையத்தின் மர பெஞ்சில்தான் கண்டேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நின்று, பெற்றோரிடம் தாமே சொன்னார்: "நேத்து என் தப்பால ஒருத்தருக்கு கால் ஒடஞ்சிடுச்சு. தெரிஞ்சுகினு ஏத்துங்க." அன்று வேனில் ஏறியவர்கள் நான்கே பிள்ளைகள். எழுத்தர் சொன்னதுபோல மூன்று மாதத்துக்கு உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டது. வேன் வாசலில் நின்றது.

அந்த மூன்று மாதமும் அக்கா தணிகாசலத்தின் பாலைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடுகளுக்கு ஊற்றினார். அவர் வாடிக்கை வீடு ஒன்றுகூடக் கைவிட்டுப் போகக் கூடாது என்பது அக்காவின் எண்ணம். கூட்டுரோட்டு டீக்கடை மாஸ்டர் விடுவாரா?

"இன்னா டிரைவரம்மா, ஸ்டியரிங்க உட்டுட்டு ஹேண்டில்பார புடிச்சிட்ட?"

"ரெண்டும் திருப்பறதுதான் அண்ணாத்த. கைய காட்டிட்டு திருப்பணும், அவ்ளோதான்."

ஆளில்லாத தெருவிலும் கை நீட்டிக் காட்டித்தான் திரும்பினார்.

மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த தணிகாசலம் முதல் வாரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காவல் நிலையத்தில் அக்கா சொன்னது அவர் காதுக்கு எட்டிய பிறகு, ஒரு நாள் காலி கேனைத் திருப்பித் தரப்போன அக்காவிடம் மெல்லச் சொன்னாராம்: "நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேம்மா."

"அத அங்க சொல்லாம என்னாண்ட சொல்றியே!"

இருவரும் சிரித்தார்கள். உரிமம் திரும்பக் கிடைத்த தை மாதத்தில் வேனில் ஒன்பது பிள்ளைகள். அடுத்த ஆனி பிறந்தபோது இடம் போதவில்லை. தணிகாசலமே ஒவ்வொரு வீடாகப் பால் ஊற்றும்போது, "டிரைவரம்மா வண்டில உடுங்க, நான் சொல்றேன்," என்று பேசியிருக்கிறார். கால் உடைந்தவரே சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்?

பின்னாளில் சிறுநீரகக் கோளாறு வந்து அக்காவால் ஓட்ட முடியாமல் போனது. அந்த வேனை அன்று முதல் ஓட்டுபவர் தணிகாசலம்தான்.

கடைசி நாட்களில், செங்கல்பட்டு மருத்துவமனையில், பொழுது போக என் பழைய நாட்குறிப்புகளைப் படித்துக் காட்டச் சொன்னார். முற்பகல் வேளைகளில் படிப்பேன். ஒரு நாள் அந்த ஐப்பசி வந்தது. புதன்கிழமையைப் படித்தேன், அடுத்து வெள்ளிக்கிழமையைத் தொடங்கினேன்.

"நடுவுல ஒரு வியாழக்கிழம இருக்கணுமே?"

"அத உட்டுட்டேன்க்கா."

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "உட்டது போவட்டும். எழுதறப்ப சரியா எழுது."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் அக்கா அமைதியாகக் கண் மூடினார்.

அந்தப் பழைய பக்கத்தின் அடியில் இப்போது சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: "மேலே உள்ளது பொய். அக்கா இண்டிகேட்டர் போடவில்லை. நான் பேச்சுக் கொடுத்ததால் போடவில்லை." அதையே இங்கும் உங்கள் அனைவர் முன்னும் பதிவு செய்கிறேன். ஏரி கலங்கல் தாண்டியது திருமணத்துக்குப் பிந்தைய மாதம்தான். அக்கா சொன்னதே சரி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உணவு கொண்டுவந்த படாளத்துப் பெண்களுக்கும், பதினாறு நாளும் உடன் நின்ற உறவினர்களுக்கும், வேனில் சென்று வளர்ந்து பெரியவர்களாகி, தோள் கொடுக்க வந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தணிகாசலத்துக்கு நன்றி சொன்னால் திட்டுவார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தெரியாது.

அஸ்தி கரைக்கும் நாளன்று, புதுப்பட்டினத்தில் உள்ள அக்கா மகள் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் சென்றோம். ஓட்டியவர் தணிகாசலம். ஊருக்குள் வலப்புறம் திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே அவர் இண்டிகேட்டர் போட்டார். பின்னிருக்கையில் இருந்த மகள் தன்னை அறியாமல் உதடசைத்து எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. எதிரே மணல் ஏற்றிய லாரி ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் வேகத்தைக் குறைத்து, முற்றிலும் நிறுத்தி, போங்கள் என்று கையசைத்தார். தணிகாசலத்தின் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. என் இரு கைகளிலும் அக்கா இருந்தார். எங்களால் கையை உயர்த்த முடியவில்லை.

ஐயா, அன்று வழிவிட்டீர்கள். நன்றி.