டாக்டர் பார்ப்பதற்கு முன்பே கேட்ட ஓ.டி.பி.

கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அதனால் அடிபட்டது, அன்று எனக்கு உதவிய ஒரே ஆள். நான் செய்தது சரிதானா? இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் நடந்தது இது. என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வல்லம் வடகால் அருகே ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். அன்று அவர் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எங்கள் பதினாலு மாத மகளுக்கு விடிந்ததிலிருந்தே இளைப்பு. மூச்சு விடும்போது விலாப் பக்கம் குழி விழுவதைப் பார்த்ததும் பயந்துபோய், பக்கத்திலிருந்த அரசு சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சீட்டுப் போடும் அம்மா என் போன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "ஓ.டி.பி. வந்துச்சா? சொல்லு" என்றார். எதையும் படிக்காமல் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. படித்தேன். சிகிச்சை கிடைத்து, அதில் திருப்தி இருந்தால் மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும் என்று இருந்தது.

"டாக்டர் இன்னும் பாக்கவே இல்லையேக்கா. அதுக்குள்ள எப்படிச் சொல்ல?"

"படிச்சதுங்க வந்தாலே இதான் ரோதனை. நீ நம்பர் சொன்னாதாம்மா அடுத்த ஆளுக்கு சீட்டு போட முடியும். பின்னால இன்னா கூட்டம் நிக்குது பாரு."

எனக்குப் பின்னால் கம்பெனிச் சட்டையோடு நின்றவர், "எனக்கெல்லாம் வாசல் கேட்டாண்டயே திருப்தியாயிடுச்சு. சொல்லிட்டு நகரும்மா, ஷிஃப்டுக்கு லேட்டாவுது" என்றார். வரிசையே சிரித்தது. கூச்சத்தில் சொல்லிவிட்டேன்.

உள்ளே டாக்டர் இல்லை. ஏதோ மீட்டிங்காம். மூச்சுக்கு ஆவி வைக்கும் மெஷின் ஒரு மூலையில், பாலிதீன் பையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அத்தனை பேருக்கும் ஒரே ஒரு நர்ஸ். மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"மெஷின் ரிப்பேரும்மா. நானும் எழுதிப் போட்டுகினே கீறேன், எவனும் வரல. இங்க நிக்காத. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடு."

சொன்னதோடு நிற்கவில்லை. கொட்டும் மழையில் தானே ரோட்டுக்கு ஓடி, நிரம்பி வந்த ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். "எல்லாம் எறங்குங்க, கொழந்த மூச்சு வுட முடியாம கீது" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆட்டோ காலியானது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆவி வைத்தார்கள். நல்ல வேளையாகச் சீக்கிரம் வந்தீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர்.

சில வாரம் கழித்து ஒரு போன். பணிவான பெண் குரல். "மேடம், சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறோம். உங்க குழந்தையை டாக்டர் பார்த்து, ஆவி வெச்சு அனுப்பினதா பதிவாகியிருக்கு. அதைச் சரிபார்க்கத்தான் கூப்பிடறோம். சிகிச்சைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எத்தனை மார்க் தருவீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் குழந்தை மூச்சுக்குத் தவித்த நேரத்தை, திருப்தி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! நடந்ததை எல்லாம் கொட்டினேன். நர்ஸ் ஆட்டோ பிடித்துக் கொடுத்ததையும் சொன்னேன்.

"அதுக்கு இதுல இடம் இல்ல மேடம். ஆவி வெச்சாங்களா, இல்லையா?"

"இல்லை."

"அப்ப டியூட்டியில யார் இருந்தாங்க?"

"நர்ஸ் மட்டும்தான்."

அந்தப் பதிலைச் சொன்ன வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினாறாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது அந்த நர்ஸ் இல்லை. சீட்டுப் போடும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிஸ்டர எங்கியோ தூரமா மாத்திட்டாங்க. எந்த மகராசியோ போன்ல புட்டுப் புட்டு வெச்சிட்டாளாம்." டாக்டர், அன்று மீட்டிங் போயிருந்த அதே டாக்டர்தான். மெஷின் அதே மூலையில், அதே பாலிதீனுக்குள். "ஓ.டி.பி. வந்துச்சா?" என்ற கேள்வி மட்டும் அன்றும் தவறவில்லை. ஊசி போடும் முன்பே.

வீட்டுக்கு வந்து சொன்னால், "உனக்கு எதுக்குட்டி இந்த வம்பு? எல்லாரும் சொல்றாப்ல அஞ்சுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறார் என் கணவர். அஞ்சு என்று சொல்லியிருந்தால் அந்த நர்ஸ் இங்கேயே இருந்திருப்பார். ஆனால் அந்த மெஷின் எல்லாக் குழந்தைக்கும் ஆவி வைத்துக்கொண்டே இருந்திருக்கும், கம்ப்யூட்டருக்குள். பொய்யாகப் பதிந்தவர்களை விட்டுவிட்டு, மழையில் நனைந்தவரைப் பிடித்துத் தண்டிப்பதற்குப் பெயர் சரிபார்ப்பா?

ஊசி போட்ட மறுநாளிலிருந்து அதே நம்பர் மறுபடி கூப்பிடுகிறது. நான் எடுக்கவில்லை. மகளுக்கு இளைப்பு வந்தால் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரே இடம்தான். அடுத்த முறை போனை எடுத்து நான் என்ன சொல்ல வேண்டும்? அந்த நர்ஸுக்காக யாரிடம் போய்ப் பேச வேண்டும்? இதுபோல் உண்மையைச் சொல்லி, அது சொல்ல வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.