சூசையின் கால் அளவு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். குளச்சலில் இருந்து சூசை போன் பண்ணினான்.

"மக்கா, ஒரு சந்தேகம். நாப்பத்தெட்டு வயசுல மனுசனுக்கு கால் வளருமா?"

"என்னடே, காலங்காத்தால?"

"எனக்க காலு வளந்திருக்கு, கேட்டியா. ஆறு சென்டிமீட்டர்!"

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தான். ஸ்பீக்கரில் போட்டிருப்பான் போல... பின்னால் அவன் மனைவி ஸ்டெல்லாவும் சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சூசை என் காலேஜ் கூட்டாளி. பன்னிரண்டு வருஷம் துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு, சுனாமிக்கு மறுவருஷம் ஊர் திரும்பியவன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் போட் எஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆள் ஆறடி. நான் அவன் காதுக்கு வருவேன்.

துபாயில் வெள்ளிக்கிழமை லீவில் தொழிலாளர் கேம்ப் வாசலில் நின்றால், வெள்ளைக்காரர்கள் ரேஸ் சைக்கிளில் குனிந்தபடி கூட்டமாகப் பறப்பார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஒரு ஆசை. குளச்சலில் இருந்து முட்டம் வழியாக, கடலை ஒட்டியே கன்னியாகுமரி வரைக்கும் அப்படி ஒரு வண்டியில் போகவேண்டும். ஒரே ஒரு தடவையாவது.

எனக்கோ, அவன் ஊர் திரும்பிய அந்தச் சமயம்தான் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. சும்மா இருப்பேனா? உலகத்தில் உள்ள சைக்கிள் பைத்தியங்கள் எல்லாம் எழுதும் இணையதளங்களில் விழுந்து கிடந்தேன். பழைய ஸ்டீல் பிரேம்தான் பிரேம், அலுமினியம் எல்லாம் தகரடப்பா என்று பேச ஆரம்பித்தேன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை — ஆனால் நிபுணர்!

அந்தச் சமயத்தில்தான் மார்த்தாண்டத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு இரண்டு ரேஸ் சைக்கிள் பிரேம்கள் வந்தன. வளைகுடாவில் வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் கார்கோவில் அனுப்பும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்தவை. கடைக்காரர் சூசைக்குப் பழக்கம். சூசை என்னை இழுத்துக்கொண்டு போனான். "நமக்கு ஒண்ணும் தெரியாதுடே. நீ பாத்து சொன்னா எடுப்பேன்" என்றான்.

ஒன்று சிவப்பு. நல்ல பெயின்ட், சாதாரண இரும்புக் குழாய். கொஞ்சம் கனம். இன்னொன்று நீலம். பெயின்ட் உரிந்து, ஸ்டிக்கர் பாதி கிழிந்து கிடந்தது. அந்தப் பாதி ஸ்டிக்கரைப் படித்தேன்... எனக்கு மூச்சே நின்றுவிட்டது. குரோம், மாலிப்டினம் கலந்த எஃகு. இரண்டு முனையிலும் தடிமனாக, நடுவில் மெலிந்து போகும் குழாய். நகத்தால் சுண்டினேன். 'டிங்...' என்றது. சிவப்பைச் சுண்டினேன். 'டொக்'.

குழாய்கள் சேரும் இடத்தில் பூ இதழ் மாதிரி அரத்தால் ராவி வைத்திருந்தார்கள். ராத்திரி ராத்திரியாக கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஏங்கிய சாமான், மார்த்தாண்டம் மூலையில் ஒரு பழைய வாஷிங் மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது!

ஆனால் குழாய் மட்டும் போதாது. ஜியோமெட்ரி பொருந்தவேண்டும். அதாவது அளவு. எவ்வளவு உயர்ந்த குழாயாக இருந்தாலும் ஆளுக்குப் பொருந்தாத பிரேம் வீண். கணக்கு எளிது. ஒருவனுடைய உள்கால் அளவில், கவட்டில் இருந்து தரை வரை உள்ள நீளத்தில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு — அதுதான் சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம். சிவப்பு ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். நீலம் ஐம்பத்தெட்டு.

சூசை செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான். சாரத்தை — எங்கள் பக்கம் லுங்கிக்கு அதுதான் பெயர் — மடித்துக் கட்டி, கடைக்காரரின் தடித்த டைரியைத் தொடைகளுக்கு நடுவில் உயர்த்திப் பிடித்தான். நான் குனிந்து டேப்பை இழுத்தேன். எண்பத்தேழு. மூன்றில் இரண்டு பங்கு போட்டுப் பாருங்கள்... ஐம்பத்தெட்டு! நீலம் அவனுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

"எத்தற மக்கா?" என்று மேலே இருந்து கேட்டான்.

"எண்பத்தொண்ணு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"நான் இவ்வளவு ஒசரம் இருக்கேன்லாடே?"

"ஒசரம் கணக்கில்ல. ஒனக்கு ஒடம்புதான் நீளம், காலு குட்டை. சிவப்புதான் ஒனக்குச் சரி."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாரே, இவருக்கா காலு குட்டை?" என்றார். நான் ஹெட் ஆங்கிள், டாப் டியூப் என்று ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் அளந்தேன். மனுஷர் அடங்கிவிட்டார். சூசை சிவப்பைத் தூக்கிக்கொண்டான். நீலத்தை நான் தூக்கிக்கொண்டேன்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? என் கால் எண்பதுதான். சிவப்புதான் எனக்குப் பொருத்தம்! நீலத்தின் மேல் காலைப் போட்டு நின்றால் மேல் குழாய் எங்கே வந்து இடிக்கும் என்பதைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. ஓட்டவே முடியாத ஒன்றுக்காகப் பொய் சொன்னேன். அதை ஹாலில் ஆணி அடித்து மாட்டினேன். வருகிறவர்களிடம் எல்லாம் சுண்டிக் காட்டினேன்.

சூசை சிவப்புக்கு வீல் போட்டு ஓட்டினான். சின்ன பிரேம்... ஆறடி ஆள். முட்டி நெஞ்சில் இடிக்கிற மாதிரி மிதிப்பான். முட்டம் வரை போவான், வலியோடு திரும்பி வருவான். மூன்று மாதத்தில் வலது முட்டி வீங்கியது. "எனக்க ஒடம்பு வாகு சைக்கிளுக்கு ஒத்ததில்ல மக்கா" என்று சொல்லி, வண்டியைக் கடைக்குப் பின்னால் சாய்த்துவிட்டான். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் உடம்பைத்தான் சொன்னான்.

எட்டு வருஷமாக அவன் தன் கால் குட்டை என்றே நம்பினான். கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எப்போதும் சாரம்தான், விசேஷம் என்றால் வேட்டி. ஒரு பேண்ட் தைத்திருந்தால்கூட டெய்லர் அன்றைக்கே என்னைக் காட்டிக் கொடுத்திருப்பார்!

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இப்போது சூசைக்கு சுகர். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்த சைக்கிள் கடைக்குப் போயிருக்கிறான். அங்கே அளந்திருக்கிறார்கள். எண்பத்தேழு.

போனில் இதைக் கேட்டதும் நான் அவசரமாகச் சொன்னேன். "சூசை, எங்க வீட்ல இருக்க நீல பிரேம் ஒனக்குச் சரியா இருக்கும். இன்னைக்கே கொண்டு வருகேன். நீ வச்சுக்கோ."

"அய்ய, இனி எனக்கு எதுக்குடே? முட்டு தேஞ்சு போச்சு, குனிஞ்சு ஓட்டுற வண்டியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிமிந்து இருந்து ஓட்டுறது ஒண்ணு எடுத்தாச்சு. கடைக்கும் வீட்டுக்கும் போவ அது போதும்."

கன்னியாகுமரி பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

போனில் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரை அணைத்திருப்பான் என்று நினைக்கிறேன். குரல் பக்கத்தில் கேட்டது.

"அன்னைக்கு நீ வச்சிருந்தது துணி டேப்புலா? இழுபட்டு இழுபட்டு நீண்டு போயிருக்கும். அதான் கொறச்சுக் காட்டியிருக்கு. என்ன மக்கா?"

"ஆமா சூசை... அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

போனை வைத்தேன். அன்று என் கையில் இருந்தது ஸ்டீல் டேப். அது 'சர்ர்' என்று சுருண்டு உள்ளே போன சத்தம் அவன் காலடியில்தான் கேட்டது. மறந்துவிட்டுச் சொன்னானா? இல்லை, எல்லாம் புரிந்த பிறகு, நான் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்து வைத்தானா? எதுவாக இருந்தால் என்ன? ஓடித் தப்பித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னது ஆசையில் வந்த பொய். போன செவ்வாய்க்கிழமை சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது? வெறும் கோழைத்தனம்.

நேரில் சொல்ல மூன்று நாள் முயன்றேன். ஒரு நாள் குளச்சல் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தேன். கடைசியில் இதோ, முகம் பார்க்காமல் எழுதுகிறவனுக்கே உரிய வழியில் சொல்லிவிட்டேன். கடையில் கூட்டம் குறைந்ததும் ஸ்டெல்லா, நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தை அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது வழக்கம்.

ஸ்டெல்லா, இந்த வாரம் மட்டும் அவனே படிக்கட்டும்.