தேயிலை நிறத்து முட்டைகள்

அந்தக் கிராமத்தில் மாடி வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு லிப்ட் மெக்கானிக் குடிவந்தால் சும்மா விடுவார்களா? வந்த வாரமே அவருக்கு ‘லிப்ட்’ என்று பெயர் விழுந்துவிட்டது. “லிப்ட், எங்க கிணத்துக்குள்ள ஒண்ணு மாட்டிக் குடுங்களேன், தூர் வார இறங்கச் சௌகரியமா இருக்கும்” என்று பக்கத்து வயல்காரர் கேட்டபோது, அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

வாழ்நாளில் பாதியை இருட்டுக் கூண்டுகளுக்குள் கழித்த மனிதர். கிரீஸ் நாற்றமும் கம்பி உராயும் சத்தமுமாகவே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றதும், நாலு பக்கமும் வானம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய்விட வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்காமல் தோண்டித் தின்று வாழ வேண்டும் என்பது அவருடைய கனவு. பல வருடம் பூட்டிக் கிடந்த ஒரு மண் சுவர் வீடு அமைந்தது. கூரை ஓடுகளில் பாதி உடைந்திருந்தன. சமையலறைச் சுவரில் ஒரு செடி முளைத்துப் பூவே விட்டிருந்தது.

அவர் மனைவி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இதுல பாம்பு நமக்கு முன்னாடியே குடியிருக்குதா, இல்ல நாம வந்தப்புறம் வருமா?”

அவளுக்கு வர மனமே இல்லை. நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள். தெருவில் போகிற ஆளைப் பார்த்தே இவருக்குத் தலைவலியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கடையையும் தெருவையும் விட்டுவிட்டு, கணவர் முகத்துக்காக வந்தாள். வந்தவள் குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசம். குறை சொல்லாத பெண்ணின் முகத்தைத் தினமும் பார்ப்பது லேசான காரியமா?

அவர் எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்தார். ஓடு மாற்றினார். கிணற்றுக்கு உருளை போட்டார், அது மட்டும் அவர் தொழில் என்பதால் வெண்ணெய் மாதிரி சுழன்றது. காய்கறிப் பாத்தி போட்டார். கொல்லைப்புற அறையின் மண் சுவர் உதிர்கிறதே என்று அதன்மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசினார். பூசி முடித்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கோழிகள் வந்தன. மூன்று பெட்டை, ஒரு சேவல். ஒருநாள் காலையில் வைக்கோல் கூடைக்குள் கைவிட்ட மனைவி, முதல் முட்டையை வெளியே எடுத்து, சூடு ஆறுவதற்குள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “இங்க பாருங்க! இன்னும் வெதுவெதுன்னு இருக்கு!” அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள். “டேய், கடை முட்டையெல்லாம் ஒரு முட்டையாடா?”

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன். தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கம்பளிச் சட்டையோடு மூட்டை எண்ணுகிற வேலை. அவனுக்கு அக்கா வீட்டுக் கதை கேட்கக் கேட்கத் திகட்டாது. இவரும் போனை வாங்கிக்கொண்டு அளப்பார். “உப்பும் தீப்பெட்டியும்தான் மாப்ளே வெளியில வாங்குறோம். மத்தபடி கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்ல.” அப்போது அது ஏறக்குறைய உண்மைதான்.

குளிர்காலம் வந்ததும் கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு முட்டை போடுவதை நிறுத்திவிட்டன. மனைவி காலையில் கூடைக்குள் கைவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தாள். அந்தப் பழைய முகம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரால் தாங்க முடியவில்லை. ஆணி வாங்குவதாகச் சொல்லி டவுனுக்குப் போய்ப் பண்ணை முட்டை வாங்கினார். அவை வெள்ளை வெளேரென்று இருந்தன. வீட்டுக் கோழி முட்டையோ பழுப்பு. கருவிகள் வைக்கும் கொட்டகைக்குள் உட்கார்ந்து, தேயிலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் முட்டைகளை ஊறப்போட்டு, துணியால் ஒற்றி, மேலே கொஞ்சம் சாம்பலும் வைக்கோல் தூசியும் தடவினார். விடியும் முன் கூடைக்குள் வைத்துவிட்டு, திருடன் மாதிரிப் போர்வைக்குள் திரும்ப நுழைந்தார்.

“போட்டுடுச்சுங்க! மறுபடியும் போட்டுடுச்சு!”

ஒருநாள் மட்டும் என்று ஆரம்பித்த காரியம். தம்பி குடும்பத்தோடு வந்து போகும்போது அவள் முட்டைகளை வைக்கோலில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அவரால் தடுக்கவா முடியும்? “உடையாமப் பார்த்துக்க மாப்ளே” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் கொல்லைப்புற அறைச் சுவர் வயிறு தள்ளத் தொடங்கியது. மண் சுவருக்கு மூச்சு வேண்டும். சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே தங்கி, மண்ணைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. தட்டினால் ‘பொத்’ என்று சத்தம் வந்தது. அவர் பீரோவைத் தள்ளிச் சுவரை மறைத்துவிட்டார். “அங்க எதுக்குங்க பீரோ?” என்று மனைவி கேட்டதற்கு, “எடம் அடைசலா இருந்துச்சுல்ல, இப்ப எவ்வளவு வசதி” என்றார். முன்பைவிட அடைசலாகத்தான் இருந்தது.

இதெல்லாம் அவர் மனதோடு போயிருக்கும். ஒரு பெட்டைக் கோழி அடைக்கு உட்கார்ந்ததுதான் வினை. கூடையில் சேர்ந்திருந்த முட்டைகளின் மேல் இறகைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. கிட்டப் போனால் கொத்த வந்தது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கூடைக்குப் பக்கத்தில் சத்தம் போட்டுப் பேசக்கூட விடவில்லை. “இருமாதீங்க, பயந்துக்கும்” என்று கணவரை அதட்டினாள். சேவல் முகம் பார்த்திராத பண்ணைக் கோழி போட்ட முட்டையிலிருந்து குஞ்சு எப்படி வரும்? வராது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள், இருமலை அடக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

அந்த ஞாயிறு போனில் தம்பி சொன்னான். “குஞ்சு பொரிச்சதும் சொல்லுக்கா. அதான் எனக்கு நல்ல நேரம். வேலையை விட்டுட்டு மூட்டை முடிச்சோட வந்துடறோம். அந்தப் பின் ரூம் எங்களுக்குப் போதும்.”

அவர் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மாறாக, குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் நெருங்கியபோது அவர் செய்தது என்ன தெரியுமா? இராத்திரியில் கோழிக்கு அடியில் வைத்துவிடலாம் என்று டவுனுக்குப் போய்க் குஞ்சு வாங்கினார்.

“பொறந்து ஒரு நாள் ஆனதாப் பார்த்துக் குடுங்க” என்றார்.

“ஏன், பிறப்புச் சான்றிதழும் வேணுமா?” என்றான் குஞ்சு விற்பவன்.

துளை போட்ட அட்டைப் பெட்டியைப் பேருந்தில் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கு இதை ஒப்பேற்றிவிடுவோம், மாப்பிள்ளையிடம் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் ஒரு குரல் கேட்டது.

“மாமா!”

மைத்துனனும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு ஏறினார்கள். சொல்லாமல் வந்து அக்காவை அசத்த வேண்டுமாம். அவர் காலால் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

“நாளைக்குள்ள குஞ்சு வந்துடும்னு அக்கா சொன்னாங்க மாமா. கண்ணால பார்த்துட்டு, திங்கட்கிழமை போய் வேலையை விடறதாச் சொல்லிடப் போறேன்” என்றான் மைத்துனன். முகமெல்லாம் பல்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும்” என்றாள் அவன் மனைவி. “நீங்க குடுத்த முட்டையை வேகவச்சா தண்ணி டீ மாதிரி ஆயிடுதே, ஏன்?”

அவர் வாய் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். “இயற்கையா வளர்ந்த கோழின்னா அப்படித்தான். கடை முட்டையில சத்து ஏது, சாயம் ஏது? என்ன மாமா?”

“ம்” என்றார்.

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று இஞ்சின் அடங்கியது. ‘கீச் கீச்’ என்று பெட்டி பேசியது. குழந்தை அப்பா மடியிலிருந்து எக்கிக் கீழே கைகாட்டியது.

“யாருப்பா பெட்டி? உள்ள இருக்கிறவங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார் நடத்துனர். பேருந்தே சிரித்தது.

“பக்கத்து வயல்காரர் வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்றார் அவர். இன்னொரு பொய். வாய்க்கு அது பழகிவிட்டிருந்தது. காது மட்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். மனைவி தம்பியைப் பார்த்துக் கூவவில்லை. வாயில் விரல் வைத்து, கையைப் பிடித்து மெதுவாகக் கூடையருகே இழுத்துப் போனாள். எல்லோரும் குனிந்து நின்றார்கள். கோழி ஒற்றைக் கண்ணால் அவர்களை முறைத்தது.

“இந்த முட்டை ஒவ்வொண்ணும் இந்தக் கையால எடுத்துப் பார்த்தது” என்று அவள் கிசுகிசுத்தாள். “உங்க மாமா ஒரு முட்டை கூட வெளியில வாங்கினதில்லை.”

விறகுக்குப் பின்னாலிருந்து ‘கீச்’ என்று கேட்டது.

கோழி தலையைச் சாய்த்தது. மறுபடி ‘கீச் கீச்’. அவ்வளவுதான், இத்தனை நாள் தீனிக்குக்கூட மனமில்லாமல் எழுந்த கோழி, முட்டைகளை அப்படியே போட்டுவிட்டு இறகை விரித்துக்கொண்டு விறகுப் பக்கம் ஓடியது. பெட்டியைக் கொத்திக் கொத்திச் சுற்றிவந்தது. மைத்துனன் போய்ப் பெட்டியைத் திறந்தான். குஞ்சுகள் கொட்டியது மாதிரி வெளியே வந்து கோழியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன.

“வயல்காரர் குஞ்சுல்ல இது?” என்றான் மைத்துனன்.

“அவருக்கு எதுக்குடா குஞ்சு? அவர் வாத்து வளர்க்கிறவரு” என்றாள் மனைவி. பிறகு கணவரைப் பார்த்தாள். “நம்மளுதே நாளைக்குப் பொரிக்கப் போவுது. நீங்க எதுக்குங்க வாங்கினீங்க?”

கூட வளர்க்க வாங்கினேன் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது மைத்துனன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, “பாப்பா, இனிமே நம்ம வீடும் இதுதான், கோழி எங்க, காட்டுறியா?” என்றான்.

“பொரிக்காது” என்றார். “அதெல்லாம் பண்ணை முட்டை. குளிர்காலத்துலேர்ந்தே நம்ம கோழி ஒண்ணு கூடப் போடல. நான்தான் டவுன்ல வாங்கி, டீயில போட்டு நிறமேத்தி வச்சேன்.”

தோளிலிருந்த குழந்தை ‘கீச்’ என்றது.

மைத்துனன் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். “எங்களுக்குக் குடுத்து விட்டதுமா?”

“அதுவும்தான்.”

“உடைஞ்சிடக் கூடாதேன்னு அத்தனை தூரம் மடியில வச்சுக்கிட்டுப் போனேன் மாமா. பக்கத்துல உக்கார வந்த ஆளோட சண்டை போட்டேன். எங்க வீட்டுக்கு எதிர்லயே முட்டைக் கடை இருக்கு.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. “மாப்ளே, ஒரு கை பிடி” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புற அறைக்குப் போனார். இருவரும் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் நிறைமாதக்காரி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மைத்துனன் கை வைத்தான். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கருத்த ஈர மண்.

“இந்தச் சுவத்தோரமாத்தான் பாப்பாவுக்குத் தொட்டில் போடலாம்னு போன்ல சொன்னேன்” என்றான். “‘நல்ல இடம்’னு சொன்னீங்களே மாமா.”

அவர் விழுந்த பாளத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு அதையும் ஏன் தள்ளுகிறோம் என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்.

“வேலையை விட்டுடாதே” என்றார்.

மைத்துனன் தலையை மட்டும் ஆட்டினான்.

வெளியே மனைவி கூடையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாளிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எருக்குழியில் புதைக்க. அவர் வாளியைத் தூக்கக் கை நீட்டினார். அவள் விடவில்லை.

“முட்டை இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாம். அதுக்காக நான் ஒருநாளாவது சண்டை போட்டேனா?”

“இல்ல. உன் முகம்…”

“என் முகத்துக்கு என்ன? முகம்னா ஒருநாள் வாடும், ஒருநாள் தெளியும். அதுக்குப் போய் டீ போட்டீங்களா?” குரல் உடைந்தது. “தம்பிகிட்ட எவ்வளவு பீத்திக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும்.”

கோழி குஞ்சுகளை இறகுக்குள் வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். “அதுக்கு யாரு வீட்டுக் குஞ்சுன்னு கவலையில்ல. எனக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு வாளியோடு போய்விட்டாள்.

மறுநாள் பேருந்து நிறுத்தம் வரை அவர் கூடவே போனார். மைத்துனன் மடியில் இந்தத் தடவை குழந்தையைத் தவிர வேறெதுவும் இல்லை. “வர்றேன் மாமா” என்றான். எப்போது என்று சொல்லவில்லை. திரும்பும் வழியில் வயல்காரர், “என்ன லிப்ட், பாதியில நின்னுட்ட மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சேர்ந்து சிரிக்க வரவில்லை.

உளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புற அறைக்குள் போனார். கண்ணாடி மாதிரி பூசிய சிமெண்டைத் தன் கையாலேயே கொத்தத் தொடங்கினார். மனைவி சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். “ம். நல்லா இருக்கோம். பாப்பா எப்படி இருக்கா?” என்றாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டது போலும். பதில் சொல்லாமல் போனைக் கணவரிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க.”

சிமெண்ட் தூசி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவள் அங்கேயே நின்றாள்.

“கோழி இந்த வாரமும் ஒண்ணும் போடல மாப்ளே” என்றார். “முட்டை கடையிலதான் வாங்கினோம்.”

மறுமுனையில் கிடங்கின் இரைச்சல் கேட்டது.

“சரி மாமா. சுவரு?”

“பாதி கொத்தியாச்சு. உள்ள இன்னும் ஈரம் காயல.”