பச்சைப் பொத்தானை அமுக்கிய விரல்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது. சின்ன வயதிலேயே ஒரு ஆடை ஆலையில் நூல் பிசிறு கூட்டும் வேலைக்குப் போனேன். இன்று பன்னிரண்டு ஊசி உள்ள எம்பிராய்டரி மெஷினுக்குச் சொந்தக்காரன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் பெருமை இரவல் இல்லை.

கடை ஒரே அறை. ஜன்னல் பக்கம் மெஷின், சுவரோரம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. பள்ளிக்கூடச் சின்னமோ கம்பெனி முத்திரையோ எது வந்தாலும் அவள்தான் தையல் தையலாக வரைவாள். பதினோரு வருடத்தில் ஆயிரத்து முந்நூறு டிசைன். மெஷின் ஓடுவது என்னால், ஓடும் வழி அவளால்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மெஷினில் பச்சை என்றால் ஓடு, சிவப்பு என்றால் நில். எனக்கும், மனைவிக்கும், மெஷினில் எனக்கு உதவும் என் தங்கச்சிக்கும் விரல் தானாகவே பச்சைக்குப் போகும். இன்டர்நெட்டில் மாதிரிப் படம் தேடும்போதும் அதே விரல்தானே! பச்சையாகப் பெரிதாக எது இருந்தாலும் அமுக்கினோம். பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷை யார் படித்தோம்?

ஒரு நாள் குதிரையேற்றப் பள்ளிக்காரர் குதிரைத் தலை கேட்டார். மனைவி ஏதோ ஒரு தளத்தில் இலவசப் படம் எடுத்தாள். மறுநாள் திரையின் வலது மூலையில் சின்னப் பெட்டிகள் முளைத்தன. ஒன்றை மூடினால் மூன்று வந்தன. மத்தியானத்துக்கு முன் திரை முழுக்கச் சிவப்பாகி ஊளையிட ஆரம்பித்தது.

தங்கச்சி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அஞ்சு வைரஸ் இருக்காம்ணே. உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணலைன்னா எல்லாம் அழிஞ்சிடுமாம்."

மனைவியின் தம்பியை வரவழைத்தோம். ஆபீஸ் உத்தியோகம், பையில் எப்போதும் லேப்டாப். உட்காராமலே தீர்ப்புச் சொன்னான்.

"முடிஞ்சுது அத்தான். மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்."

"அப்போ என் டிசைனெல்லாம்?" என்றாள் மனைவி.

"அதுலயும் ஏறியிருக்கும்க்கா. காப்பி எடுத்தா வைரஸும் கூடவே வரும். போனது போகட்டும்."

"போகட்டும்னு விட அது என்ன அறுந்த செருப்பாடா?" என்றேன்.

"உங்களுக்கு மெஷின் தெரியும், இது தெரியாது. நாலு மணிக்கு வர்றேன். யாரும் எதையும் தொடாதீங்க."

அவன் போனான். மனைவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டிசைனாகத் திறந்து, பார்த்து, மூடினாள். ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போல. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

நூல் அறுந்தால் நான் மெஷினையா கழற்றுகிறேன்? எந்த ஊசி, எந்த நூல்கண்டு என்றுதானே பார்க்கிறேன்! நெட் வயரைப் பிடுங்கினேன். கால் மணி நேரம் ஒரு பெட்டியும் வரவில்லை. திரும்பச் செருகினேன், உடனே வந்து நின்றது. "இது உள்ளேருந்து வரலை. வெளியேருந்து எவனோ கதவைத் தட்டுறான்" என்றேன்.

மறுபடி திரை சிவந்தது. ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க! அது குறி இல்ல, படம். நான் வரையற மாதிரியே வரைஞ்சு வச்சிருக்கான். ஓரமெல்லாம் பிசிறு தெரியுது பாருங்க. எங்க அமுக்கினாலும் அவன் இஷ்டப்படிதான் போகும்."

பதினோரு வருடம் கோடு பார்த்த கண் அது! பெட்டிக்குள் எதையும் தொடாமல் பிரவுசரையே மூடினோம். போன் நம்பரை நாங்கள் சீண்டவே இல்லை.

பிறகு என் போனில் செய்தது போலப் பிரவுசரின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். அவ்வளவுதான், ராஜா ஆகிவிட்டேன். அமைப்புகள், அதற்குள் தனியுரிமை, அதற்குள் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். "அனுமதிக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல். மூலையில் பெட்டி காட்ட முப்பத்தேழு தளங்களுக்கு அனுமதி! எல்லாம் நாங்களே பச்சை அமுக்கி உள்ளே விட்டவை. குதிரைத் தளம் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"நாமதான் வாங்க வாங்கன்னு கூப்பிட்டிருக்கோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

ஒவ்வொன்றாக நீக்கினேன். இனி எவனும் அனுமதியே கேட்கக் கூடாது என்று அடைத்தேன். நீட்டிப்பு என்ற பெயரில், பிரவுசரில் நாங்கள் ஒட்டவைக்காத குட்டி நிரல் ஒன்று கிடந்தது, அதையும் தூக்கினேன்.

குக்கீ என்ற பகுதியும் அங்கேதான் இருந்தது. தளத்தைக் கடை என்று வைத்துக்கொண்டால், நாம் நுழைந்ததும் நமக்குத் தெரியாமல் முதுகில் சாக்பீஸால் போட்டு அனுப்பும் கோடுதான் குக்கீ. அடுத்த கடைக்காரன் அதைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிறான். குதிரைப் படம் தேடிய எங்களுக்கு அதுவரை எங்கே போனாலும் சேணம் விற்றார்கள்! பழையதையெல்லாம் அழித்தேன். வேறு கடைக்காரன் போடும் மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுத்தேன். கடைசியில் கம்ப்யூட்டரோடு வந்த வைரஸ் சோதனையை முழுசாக ஓடவிட்டோம். ஒன்றும் இல்லை என்றது. அந்த அஞ்சு வைரஸும் வெறும் பொய்!

நாலு மணிக்கு மச்சினன் வந்தான். தட்டினான், தடவினான், மூலையையே முறைத்தான். பெட்டி வரவில்லை.

"யாரைக் கூப்பிட்டீங்க அத்தான்?"

"யாரையும் இல்ல. நானும் உங்கக்காவும்தான்."

மனைவி அதற்குள் எல்லா டிசைன்களையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றியிருந்தாள். ஒன்றைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "ஆயிரத்து முந்நூறும் இருக்குடா. எண்ணிப் பார்க்கறியா?"

அவன் எண்ணவில்லை. பிறகு மெதுவாகத் தன் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தான். "பத்து நாளா இதுலயும் ஓரத்துல ஒண்ணு வருது. பரிசு விழுந்திருக்குங்குது..."

தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டே சிரித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தேன். அவனுடைய பரிசுப் பெட்டியின் அடியில், அதை அனுப்பிய தளத்தின் பெயரைச் சொல்லும் சாம்பல் நிறப் பொடி எழுத்தை விரலால் காட்டி, "சத்தமாப் படி மாப்பிள்ளை" என்றேன். இங்கிலீஷில் புலி அவன். ஆனால் அந்த வரியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தான்.