ஆணிகளைக் கேட்ட ஆர்லீதா

மிஸ் ஆர்லீதா பென்டில்டன் இருபத்தேழு வருஷமாக எங்கள் ஊரின் ஏழாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டி வருகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பிள்ளைகளைப் பார்த்து "சத்தம் போடாதீங்க" என்று சொன்னதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு புகாராகவே எழுப்பியிருக்கிறார்கள். அவர் சொன்ன பதில்: "வாயை மூடச் சொன்னா மூடிருவாங்க. அப்புறம் பின் சீட்டுல யார் யாரைக் கிள்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?" கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலுக்குள் ஒரே ஒரு விசும்பலைப் பிடித்துவிடுகிற அந்தக் காதைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் எழுதப் போகிறேன். ஊழல் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும். ஊழல் எங்கும் போய்விடாது.

மவுண்ட் நீபோ தேவாலயத்துக்குப் பின்னால் எங்கள் சபைக்கு நாலு ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அடிமைத்தனம் ஒழிந்த மூன்றாம் வருஷமே எங்கள் கறுப்பின முன்னோர் அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். சபையின் பழைய குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது: இருபதுக்கு முப்பது அடி, வாசல் தெற்கே, காசு மிஞ்சினால் ஒரு மணி. மிஞ்சவில்லை போலிருக்கிறது, மணியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. ஆறு வருஷம் கழித்து ஒரு கோடையில் யாரோ அதைக் கொளுத்தினார்கள். யாரென்று ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

போன வசந்தத்தில் சாலைத் துறை நான்கு வழிச் சாலைக்கு ஒரு கோடு போட்டது. கோடு நேராக அந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவில் போனது. சபையார் குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துறை மரியாதையாகவே கேட்டது: பள்ளிக்கூடம் இருந்தது சரி, எங்கே இருந்தது? புத்தகத்தில் அது இல்லை. தினமும் போய் வருகிற இடத்துக்கு யார் விலாசம் எழுதி வைப்பார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் மண்ணில் ஏதாவது தடயம் காட்டினால் சாலை இருநூறு அடி மேற்கே, ஆளில்லாத பைன் காட்டுக்குள் வளையும். காட்டாவிட்டால் நேராகவே போகும்.

முதலில் தேடியவர் கார்லண்ட் ஹஃப்மன். எங்கள் மாவட்டப் பழம்பொருள் தேடுவோர் சங்கத்தின் தலைவர். மனிதர் தங்கமானவர், காசு வாங்காமல் ஒரு சனிக்கிழமை முழுதும் நடந்தார். அவரிடம் இருப்பது பதினைந்து அங்குலக் காயில் மாட்டிய, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டர். காயில் என்பது தரையை ஒட்டி ஆட்டுகிற வட்டத் தட்டு. அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழம் தெரியும் என்பது அந்தச் சங்கத்தின் மதம். வறுவல் சட்டி மூடி அளவுள்ள அந்தத் தட்டை வீசி வீசி நடந்துவிட்டு அறிக்கை கொடுத்தார்: உள்நாட்டுப் போர்க்காலத் தோட்டா இரண்டு, பீர் டின் ஒன்று, மற்றபடி வெறும் நிலம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது கார்லண்ட் அறிக்கையின் நகலோடு வந்தார். ஆர்லீதாவும் அவரும் பள்ளிக்கூடங்கள் கறுப்பர், வெள்ளையர் இரு நிறத்துக்கும் பொதுவான வருஷத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அதனால் இருவருக்குள்ளும் மரியாதை கிடையாது.

"இரும்பை ஒதுக்கற பொத்தானைப் போட்டுட்டுத்தானே ஓட்டின?" என்றார் ஆர்லீதா.

"பின்னே? போடாம ஓட்டினா ஆணி ஆணியாக் கத்தும். பைத்தியம் பிடிச்சிரும்."

"பள்ளிக்கூடத்தை எதால கட்டினாங்க கார்லண்ட்?"

"மரத்தால."

"மரத்தை மரத்தோட பிடிச்சு வச்சது எது? ஜெபமா?"

பக்கத்தில் நின்ற எங்கள் சபை ஊழியர், டீக்கன் எல்வுட் லைட்ஃபுட் இருமினார். எண்பது வயது மனிதர், சிரிப்பை எல்லாம் இருமலாகவே வெளியே விடுவார்.

கார்லண்ட் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "ஆணியை யாரும் கண்ணாடிப் பெட்டியில வைக்க மாட்டான் ஆர்லீதா. நாப்பது வருஷமா இந்த மண்ணுல தேடறேன். நாங்க தேடறது பித்தளைப் பொத்தான், தோட்டா, பெல்ட் கொக்கி. ஆணி குப்பை."

"உனக்குக் குப்பை. நீ மெஷின்கிட்ட 'ஆணியைப் பத்திப் பேசாதே'ன்னு சொன்னே, அதுவும் பேசல. அப்புறம் 'ஒண்ணுமே இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கே."

இது கார்லண்டின் தனித் தவறு அல்ல. சங்கமே அப்படித்தான். நாற்பது வருஷமாக எங்கள் மாவட்டத்தின் வீடுகள், தொழுவங்கள், கல்லறை வேலிகள் எல்லாவற்றின் மேலும் நடந்து, எல்லாவற்றையும் காதில் விழாமல் செய்து, பொத்தான் பொறுக்கியவர்கள் அவர்கள். பொத்தான்கள் அழகாகத்தான் இருக்கின்றன. சங்கத்தின் கண்காட்சிக்கு நானே போய்ப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

ஆர்லீதாவிடமும் ஒரு டிடெக்டர் இருந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நடக்கச் சொன்னார்கள் என்று நாலு வருஷம் முன்பு கார்லண்டின் வீட்டு முற்றத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையிலேயே வாங்கியது. கூடவே ஆறு அங்குலக் காயில் ஒன்றை "மணல்ல விளையாட ஆகும்" என்று அவர் இலவசமாகப் போட்டிருந்தார்.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பேருந்தை நிறுத்திவிட்டு ஆர்லீதா மேய்ச்சல் நிலத்துக்கு வந்தார். மறுபடி இரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். சத்தம் வரும் இடத்தில் நடுகிற சின்னக் கொடிகளின் கட்டோடு டீக்கன் எல்வுட் வந்தார், மடக்கு நாற்காலியோடும் வந்தார்.

அன்று ஆர்லீதா செய்தது எல்லாமே தப்பு. நேரம் குறைவு என்ற பதற்றத்தில் மெஷினோடு வந்த பதினோரு அங்குலக் காயிலை மாட்டி, உணர்திறனைக் கடைசிக் கோடு வரை ஏற்றினார். எங்கள் செம்மண்ணிலேயே இரும்பு கரைந்து கிடக்கிறது. கேட்கும் சக்தியைக் கூட்டினால் மெஷின் மண்ணையே பார்த்துக் கத்தும். நாலு மணி நேரம் காதுக்குள் பூனைச் சண்டை. ஒரு கொடிகூட நடவில்லை.

"மிஸ் ஆர்லீதா, உங்க மெஷின் எங்க சபைப் பாடகர் குழு மாதிரி இருக்கு," என்றார் டீக்கன்.

"நீங்க அந்தக் குழுவுலதான் பாடறீங்க டீக்கன்."

"அதனாலதான் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை ஆறு அங்குலத்தை மாட்டினார். சின்னத் தட்டு சின்ன அளவு மண்ணைத்தான் பார்க்கும். மண்ணின் புலம்பல் குறையும், ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியும் தெரியும். பெரிய தட்டுக்கு அடியில் பத்து ஆணி ஒரே நேரத்தில் வந்தால் அது பத்து இல்லை, ஒரு குழப்பம். வேலி ஓரம் ஒன்றுமில்லாத ஒரு துண்டு தரையில் தட்டை மேலும் கீழுமாகத் தூக்கி இறக்கி, மண்ணின் முனகல் அடங்கும் வரை மெஷினைச் சமன் செய்தார். உணர்திறனைப் பாதிக்கும் கீழே இறக்கினார். இரும்பை ஒதுக்கும் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் மாதிரி, ஒரு பட்டை மேல் அரைப் பட்டை ஏறுகிற விதத்தில், மெதுவாக ஆட்டி நடந்தார்.

டொக். டொக் டொக். இரும்பின் கனத்த குரல்.

புதன்கிழமை மதியத்துக்குள் நூற்று இருபது ஆரஞ்சுக் கொடிகள். டீக்கன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். "நிலத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. இதுல பள்ளிக்கூடம் எங்கே?"

எங்கேயும் இல்லை. கூரை விழுந்தபோது தெறித்த ஆணி, அப்புறம் வந்த வேலிக் கம்பி, யாரோ உடைத்த கலப்பைத் துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கொடி. ஆர்லீதா தரையில் உட்கார்ந்து முழங்காலை நீவினார். இரண்டு நாள்தான் மிச்சம்.

"டீக்கன், எல்லாக் கொடியையும் பிடுங்கணும்."

"என்ன சொல்றீங்க? குனிஞ்சு நட்டது நான்."

"பஸ்ஸுல ஒரு பையன் கத்தினா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒரே சீட்டுல மூணு பேர் சேர்ந்து கத்தினாத்தான் அங்கே விஷயம். இனிமே ஒரு வீச்சுல மூணு டொக் கேட்டாத்தான் கொடி."

டீக்கன் மறுபடி குனிந்தார். அவர் குனியும்போது சொன்ன வார்த்தைகளை ஒரு டீக்கன் சொன்னதாக நான் அச்சிட முடியாது.

வியாழன் விடியும் முன் மழை பெய்திருந்தது. நனைந்த மண்ணுக்கு வேறு குணம். ஆர்லீதா வேலி ஓரத்துக்குப் போய் மறுபடி சமன் செய்தார், நேற்றைய எண்ணை நம்பவில்லை. மழை ஒரு உபகாரமும் செய்திருந்தது, ஆணிகள் முன்னைவிடத் தெளிவாகப் பேசின. பத்தரை மணிக்கு ஒரு கொடி, அதற்கு வடக்கே அரையடி தள்ளி இன்னொன்று, இன்னொன்று. பதினோரு மணிக்கு அது ஒரு கோடு. நிலத்தில் யாரும் கோடு போடாமல் கோடு வராது. டீக்கன் அடுத்த கொடியை நீட்டினார்.

பன்னிரண்டரைக்குக் கோடு ஒரு மூலையில் திரும்பியது. சரியான மூலை, தச்சன் மூலை. மூன்றாவது பக்கம் ஓடும்போது கொடிகள் தீர்ந்துபோயின. கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணிக்குப் பேருந்து. டீக்கன் எல்வுட் தேவாலயத்துக்குள் போய், ஈமச்சடங்கு நடத்தும் ஒரு நிறுவனம் தன் முதலாளியின் படத்தை அச்சிட்டு விளம்பரத்துக்காகக் கொடுத்திருந்த, குச்சி வைத்த அட்டை விசிறிகளை ஒரு கட்டாக அள்ளி வந்தார். மிச்சப் பள்ளிக்கூடம் அதில்தான் எழும்பியது. நாலாவது பக்கம் வரை விசிறி விசிறியாக, கோட்டுப் போட்ட அந்த நிறுவன முதலாளியின் சிரித்த முகம். கடைசியில் ஓரிடத்தில் ஆர்லீதா எவ்வளவு ஆட்டியும் காதில் ஒன்றும் விழவில்லை. நாலடி அகலத்துக்கு அமைதி. பிறகு மறுபடி டொக் டொக்.

சூரியனைப் பார்த்தார். அந்த நாலடி தெற்குப் பக்கம், குறிப்புப் புத்தகம் வாசல் என்று சொன்ன பக்கம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சாலைத் துறையிலிருந்து நோவாக் என்ற இளம் அதிகாரி வந்தார். பின்னாலேயே தன் டிரக்கில் கார்லண்ட் வந்தார், யாரும் கூப்பிடாமலே. சபையில் பாதிப் பேர் வேலிக்கு வெளியே நின்றோம். சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்தை யாரோ அதற்குள் துண்டு போட்டுவிட்டிருந்தார்கள்.

நோவாக் விசிறிகளை முதலில் பார்த்தார். "இது என்னங்க, ஏதாவது சடங்கா?"

"சுவர்," என்றார் ஆர்லீதா.

டேப் பிடித்து அளந்தார்கள். ஒரு பக்கம் முப்பதடி நாலு அங்குலம், மறு பக்கம் இருபதடி. நோவாக் குறிப்புப் புத்தகத்தின் நகலைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். நல்ல அதிகாரி, சட்டென்று சம்மதிக்கிற ரகம் இல்லை. "ஆணி இருந்தாப் பள்ளிக்கூடம்னு ஆகிருமாங்க? கோழிக்கூண்டுக்கும் ஆணிதான் அடிக்கறாங்க. போன தலைமுறையில கட்டினதா இருக்கலாமே."

ஆர்லீதாவுக்கு ஆணியின் குரல்தான் தெரியும், வயது தெரியாது. நோவாக் அனுமதி கொடுக்க, ஆர்லீதா வடக்குச் சுவரில் ஒரே ஒரு கொடிக்குக் கீழே தோட்டக் கரண்டியால் தோண்டினார். ஓரடி ஆழம்கூட இல்லை. விரல் நீள ஆணி ஒன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து நோவாக்கிடம் நீட்டினார்.

"கொடு இங்கே," என்றார் கார்லண்ட்.

எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் துடைத்தார். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எழுதிய அறிக்கை நோவாக்கின் அட்டையில் மேலாகவே செருகியிருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது.

"சதுர ஆணி," என்றார். "தகட்டுலேர்ந்து வெட்டினது. நூத்தி முப்பது வருஷமா இந்தப் பக்கம் யாரும் இதை வச்சுக் கட்டல. இந்த நீலப் பூச்சு பாருங்க தம்பி. தீயில வெந்த ஆணி. வெந்த ஆணியைத் துரு சீக்கிரம் தின்னாது, அதான் இப்படி முழுசா இருக்கு. எரிஞ்ச கட்டடம் இது. கோழிக்கூண்டை யாரும் முப்பதடிக்குக் கட்டி வாசலைத் தெற்கே வைக்க மாட்டான்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "என் அறிக்கையைக் கிழிச்சுப் போட்டுருங்க. நான் இதைக் கேட்கவே இல்லை."

"கேட்க விடல," என்று திருத்தினார் ஆர்லீதா.

"சரிம்மா, விடல."

நோவாக் செவ்வகத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். எந்த இடத்திலும் காலைத் தூக்கி உள்ளே வைத்திருக்கலாம், கொடிகள் கணுக்கால் உயரம்தான். வைக்கவில்லை. வடக்கே போய், மேற்கே திரும்பி, தெற்கே வந்து, அந்த நாலடி இடைவெளிக்கு எதிரே நின்று தொப்பியைக் கழற்றினார். அதன் வழியாக உள்ளே நுழைந்தார். தான் செய்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. வேலிப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் கவனித்தோம். டீக்கன் எல்வுட்டுக்கு இருமல் வந்தது, இந்தத் தடவை அது சிரிப்பில்லை.

செவ்வகத்தின் நடுவில் நின்று நோவாக் அட்டையை இடது கையில் தாங்கிப் பேனாவைத் திறந்தார். பள்ளிக்கூடம் காணப்பட்டது, பாதையை மேற்கே மாற்றப் பரிந்துரைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

ஆர்லீதா வாசல் வழியாக உள்ளே போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நிதானமா எழுதுங்க சார். கையெழுத்து நல்லா இருக்கட்டும். நீங்க நிக்கறது வகுப்பறை."